கையெழுத்தின் சாயலில் ஓர் எழுத்துரு

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்

1. எழுத்துரு என்பதன் பொருளையும் அதன் வகைகளையும் அறிதல்.
2. மெல்லிய கையெழுத்துச் சாயல் எழுத்துருவின் இயல்புகளை உணர்தல்.
3. தமிழ் எழுத்துகளில் புள்ளி, சுழி, கால், கொம்பு ஆகியன பொருளை எவ்வாறு காக்கின்றன என்று தெளிதல்.
4. இடமறிந்து எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் திறன் பெறுதல்.

நுழையும்முன்

மாணவர்களே! நீங்கள் தமிழை நாள்தோறும் எங்கெல்லாம் காண்கிறீர்கள்? தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைகளுக்குக் கடைப்பலகையிலும் பேருந்திலும் சுவரொட்டியிலும் தமிழ் எதிர்ப்படுகிறது. வேற்று மாநிலத்தில் வளரும் உங்களுக்கோ பாடநூல், கைப்பேசித் திரை, ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழ், தாத்தா பாட்டியின் கையெழுத்து ஆகிய சிலவே தமிழ் எழுத்தைக் காணும் வாயில்கள். இந்நான்கிலும் ஒரே எழுத்து நான்கு வேறு தோற்றங்களில் நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அத்தோற்ற வேறுபாட்டை ஆராய்வதே இப்பாடம்.

எழுத்துரு என்பது யாது?

‘அ’ என்னும் எழுத்து ஒன்றுதான். எனினும் அதனை உருண்டையாகவும், சாய்வாகவும், தடித்தும், மெலிந்தும் வரையலாம். ஒரு மொழியின் எழுத்துகள் அனைத்தையும் ஒரே பாங்கில் வரைந்து, கணினியிலும் அச்சிலும் பயன்படுமாறு அமைத்த தொகுதியே எழுத்துரு. பேச்சுவழக்கில் இதனை ‘ஃபாண்ட்’ என்கிறோம்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. தமிழ் எழுத்துருவை உருவாக்குபவர் இவை அனைத்தும் பிழையின்றித் தோன்றுமாறு வடிவங்களை வரைய வேண்டும். கால், கொம்பு, இணைக்கொம்பு போன்ற குறிகளைத் தனியே வரைந்து மெய்யோடு சேர்க்கலாம். ஆனால் கு, சு, டு, மு, ரு போன்ற உகர எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம் கொண்டவை. அவற்றை ஒவ்வொன்றாகவே வரைய வேண்டும். ஆதலால் எழுத்துரு வடிவமைப்பு பொறுமை மிகுந்த கலை.

மூன்று பண்புகள்

இப்பாடத்தில் நாம் காணும் எழுத்துருவுக்கு மூன்று பண்புகள் உண்டு.

முதலாவது, அது மெல்லியது. எழுத்தின் கோடு எவ்வளவு பருமனாக இருக்கிறது என்பதைத் தடிமன் என்பர். கணினியில் தடிமனை 100 முதல் 900 வரை எண்களால் குறிப்பது வழக்கம். 400 இயல்பான தடிமன், 700 தடித்தது, 300 மெல்லியது, 100 மிக மெல்லியது.

இரண்டாவது, அது கையெழுத்தின் சாயல் உடையது. அளவுகோலால் வரைந்தாற்போன்ற விறைப்பு அதில் இராது. கோட்டின் முனைகள் மழுங்கியிருக்கும்; வளைவுகள் இயல்பாக ஓடும்; கை சற்றே சாய்ந்தெழுதியது போன்ற தோற்றம் இருக்கலாம்.

மூன்றாவது, அது தலைப்புக்குரியது. நூலின் உள்ளே பக்கம் பக்கமாகப் படிப்பதற்குரிய எழுத்துரு ஒன்று. தலைப்பு, அட்டை, வாழ்த்து ஆகியவற்றில் பெரிய அளவில் நின்று கண்ணை ஈர்ப்பதற்குரிய எழுத்துரு வேறொன்று. முன்னது அடங்கி நின்று பொருளை முன்னிறுத்தும். பின்னது தன் தோற்றத்தாலேயே ஓர் உணர்வைத் தரும்.

ஓலையும் எழுத்தாணியும்

மெல்லிய கோட்டெழுத்து தமிழுக்குப் புதியதன்று. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினர். எழுத்தாணி ஓலையின் மேல் மை தீட்டுவதில்லை, ஓலையைக் கீறுகிறது. கீறிய பின்னர் விளக்குக் கரி முதலியன கலந்த மையைத் தேய்த்துத் துடைப்பர். கீறலில் தங்கிய மை எழுத்தாகத் தெரியும். கூரிய முனையால் கீறப்படுவதால் கோடு எங்கும் ஏறத்தாழ ஒரே பருமனில் மெலிந்திருக்கும். பட்டையான முனையுடைய எழுதுகோலால் எழுதினால்தான் ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் கோடு அமையும்.

ஓலையின் நரம்பு நீளவாட்டில் ஓடுகிறது. அதன் போக்கிலேயே நீண்ட நேர்கோடு கீறினால் ஓலை கிழிந்துவிடும். வளைந்த கோடுகள் ஓலைக்கு ஏற்றவை. தமிழெழுத்துகள் வளைவும் சுழியும் பெற்றமைக்கு இதனையும் ஒரு காரணமாக அறிஞர்கள் கூறுகின்றனர். அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை துளைபடும் என்று அஞ்சி, எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். படிப்பவர் இடமறிந்து மெய்யா உயிர்மெய்யா என்று உய்த்துணர்ந்தனர். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் இவ்வாறே மயங்கின. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் எ–ஏ, ஒ–ஓ ஆகியவற்றுக்கு வடிவ வேறுபாடு அமைத்து அம்மயக்கத்தைத் தீர்த்தார்.

ஓலையிலிருந்து அச்சுக்கு

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் தமிழெழுத்தில் அச்சிடப்பட்டது. பின்னர், தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்துக்கு 1713ஆம் ஆண்டளவில் செருமனியின் ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அழகு மட்டுமன்றித் தாளின் அளவும் செலவும் எழுத்தின் வடிவை மாற்றவல்லவை என்பதற்கு இது சான்று.

அச்செழுத்து பிறந்தபோது அதற்கு முன்மாதிரியாக இருந்தது கையெழுத்தே. காலப்போக்கில் அச்சு தனக்கென ஓர் ஒழுங்கைப் பெற்றது. இன்று கணினி எழுத்துரு மீண்டும் கையெழுத்தைப் பார்த்து வரையப்படுகிறது.

தமிழில் கையெழுத்துச் சாயல்

ஆங்கிலத்தில் கூட்டெழுத்து எழுதும்போது ஓர் எழுத்தை அடுத்த எழுத்தோடு இணைக்கிறீர்கள். ஆங்கிலக் கையெழுத்து எழுத்துருக்கள் பலவற்றில் அந்த இணைப்பே அழகாகிறது. இந்தியில் எழுத்துகள் தலைக்கோட்டில் தொங்குகின்றன. விரைந்து எழுதுவோர் பலர் அக்கோட்டை விட்டுவிடுகின்றனர். ஆகவே, தலைக்கோட்டைத் தளர்த்தியோ நீக்கியோ இந்தி எழுத்துருவில் கையெழுத்துச் சாயலை உண்டாக்க முடியும்.

தமிழுக்குத் தலைக்கோடு இல்லை. எழுத்துகள் பொதுவாக இணைவதும் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்து நிற்கிறது. ஆகவே தமிழ் எழுத்துருவில் கையெழுத்துச் சாயலைக் கொணர வேறு வழிகள் தேவை. எழுத்தைச் சற்றே வலப்பக்கம் சாய்க்கலாம். சுழிகளை முழுவதும் மூடாமல் சிறிது திறந்துவிடலாம். கோட்டின் முனையை வளைத்து முடிக்கலாம். எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டைச் சிறிது ஏற்றி இறக்கலாம். இவற்றுள் எதுவும் அளவு கடந்தால் எழுத்து அடையாளம் இழக்கும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் இரண்டு எழுத்துருக்களைக் காண்போம்.

இலங்கையைச் சேர்ந்த வடிவமைப்பாளர் தாரிக் அசீஸ் உருவாக்கிய ‘கவிவாணர்’ சாய்ந்த எழுத்துகளைக் கொண்டது. கை ஓட்டத்தில் எழுதிய தோற்றம் அதற்கு உண்டு. அது ஒரே தடிமனில் அமைந்துள்ளது.

போர்ச்சுகல் நாட்டு வடிவமைப்பாளர்களான நத்தனேல் காமா, ஜோனா கொரேயா ஆகியோர் உருவாக்கிய ‘அரிமா மதுரை’ மென்மையான விளிம்புகளும் எழுதுகோலின் சாயலும் உடையது. மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை எட்டுத் தடிமன்களில் அது வெளிவந்தது. ஒரே எழுத்து மெலிந்தபோது எவ்வாறு தோன்றுகிறது, தடித்தபோது எவ்வாறு தோன்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இது மிகவும் ஏற்றது.

இவ்விரண்டிலும் தமிழெழுத்தும் ஆங்கில எழுத்தும் ஒருங்கே உள்ளன. இதன் பயனை அறிந்துகொள்ளுங்கள். எழுத்துருவில் அதனை வரைந்தவர் சேர்த்த எழுத்துகள் மட்டுமே இருக்கும். ஆங்கிலத்துக்கென அமைந்த கையெழுத்து எழுத்துருவைத் தேர்ந்து தமிழில் தட்டச்சு செய்தால், கணினி தமிழெழுத்தை வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில வேளைகளில் வெறும் கட்டங்களையே காட்டும். ஆங்கில வரி அழகுற நிற்க, அருகில் தமிழ் வரி பொருந்தாமல் நிற்கும் அழைப்பிதழ்கள் இப்படித்தான் உருவாகின்றன. இருமொழியில் எழுதும் நீங்கள், இருமொழி எழுத்துகளும் உள்ள எழுத்துருவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறு குறிகளின் பெரும்பொறுப்பு

தமிழில் ஒரு சிறு புள்ளியோ ஒரு சுழியோ சொல்லின் பொருளையே மாற்றிவிடும். மெல்லிய எழுத்துருவில் முதலில் மறைபவை இச்சிறு குறிகளே. பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

புள்ளி: ‘பல்’ என்பதில் புள்ளி மறைந்தால் ‘பல’ ஆகும். சாலையோரப் பலகையில் ‘நில்’ என்று இருப்பது ‘நில’ என்று தோன்றினால் எச்சரிக்கை பயனற்றுப் போகும்.

சுழி: இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’ என்று வீட்டில் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுழிகள் ஒன்றோடொன்று கலந்தால் ‘மனம்’ எது, ‘மணம்’ எது என்று அறிவது அரிது. பனி–பணி, ஆனி–ஆணி என்பனவும் இத்தகையன.

காலும் ரகரமும்: ரகரத்தின் அடியிலுள்ள சாய்கோடு தேய்ந்தால் அது துணைக்கால்போல் தோன்றும். அப்போது ‘மரம்’ என்பது ‘மாம்’ என்று படிக்கப்படும்.

கொம்பு: ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மயங்கினால் ‘கொடு’ என்பது ‘கோடு’ ஆகும், ‘செறு’ என்பது ‘சேறு’ ஆகும்.

ஏகாரத்தின் கீற்று: ‘எடு’ என்பதற்கும் ‘ஏடு’ என்பதற்கும் இடையே உள்ளது ஒரு சிறு கீற்றே. அது தெரியாவிட்டால் ஏடு எடுவாகிவிடும்.

ஔகாரக் குறி: ‘கௌ’ என்பதன் ஈற்றிலுள்ள குறி ளகரம் போன்றது. அது உரிய அளவில் அமையாவிட்டால் ‘கெள’ என்று இரண்டு எழுத்துகளாகப் படிக்க நேரும்.

இவை உங்களுக்குக் கூடுதலாகவே தேவைப்படுகின்றன. தமிழை நாள்தோறும் படித்துப் பழகியவர் ஓர் எழுத்து தெளிவில்லாவிடினும் சொல்லின் முழு வடிவைக் கொண்டு ஊகித்துவிடுவார். புதிதாகப் படிப்பவரோ எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கிறார். ஒரு சுழி மறைந்தால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். சில வேளைகளில் ‘எனக்குத் தமிழ் படிக்க வரவில்லை’ என்றும் எண்ணிவிடுவார். குறை படிப்பவரிடம் இல்லை. இடமறியாத எழுத்துருவிடம் இருக்கிறது. ஒரு தமிழ் வரியைப் படிக்க இயலாதபோது, ‘இது எனக்குத் தெரியாத சொல்லா, தெளிவில்லாத எழுத்தா?’ என்று முதலில் வினவிப் பாருங்கள்.

எங்கே இடலாம்? எங்கே ஆகாது?

மெல்லிய கையெழுத்துச் சாயல் எழுத்துரு நெருங்கிய ஒருவர் நேரில் பேசுவது போன்ற உணர்வைத் தருகிறது. எனவே வாழ்த்தட்டை, திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயர், கவிதை நூலின் அட்டை, பள்ளி ஆண்டுமலரின் தலைப்பு, பரிசுப் பொருளின் மேல் ஒட்டும் சிறு குறிப்பு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். இவற்றில் சொற்கள் சில, அளவு பெரிது, படிப்பவருக்கு நேரமும் உண்டு.

பொருந்தாத இடங்களும் உள. தேர்வு வினாத்தாள், மருந்துக் குறிப்பு, பேருந்துப் பலகை, எச்சரிக்கை அறிவிப்பு, நீண்ட கட்டுரை ஆகியவற்றில் விரைவும் தெளிவும் முதன்மையானவை. அங்கே இயல்பான தடிமனுள்ள தெளிந்த எழுத்துருவே வேண்டும். அழைப்பிதழிலேயே பெயரை அழகெழுத்தில் இட்டாலும், நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் தெளிவெழுத்தில் இடுவதே முறை. பெயரைச் சற்று நின்று சுவைத்துப் படிக்கலாம். நேரத்தைத் தவறாகப் படித்தால் விழாவே முடிந்துவிடும்.

இவ்வெழுத்துருவைக் கையாளும்போது நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. அளவைப் பெரிதாக வையுங்கள்.
2. பின்னணியை வெறுமையாக விடுங்கள். ஒளிப்படத்தின் மேல் மெல்லிய எழுத்து கரைந்துவிடும்.
3. எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் நன்கு வேறுபடட்டும்.
4. வரிகளுக்கிடையே போதிய இடம் விடுங்கள். கீ, டீ போன்றவற்றின் விசிறி மேலே எழும். கூ, சூ போன்றவற்றின் குறி கீழே இறங்கும். வரிகள் நெருங்கினால் இவை மோதிக்கொள்ளும்.
5. எழுத்துகளுக்கிடையே இடைவெளியை மிகுதியாக நீட்டாதீர்கள். ‘கொ’ என்பதன் கொம்பும் ககரமும் காலும் பிரிந்து நிற்கக்கூடும்.
6. படியெடுக்கும் இயந்திரத்தில் மெல்லிய கோடுகள் எளிதில் மறையும். முதலில் ஒரு படி எடுத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றை எடுங்கள்.

எழுத்துருவும் கையும்

கையெழுத்துச் சாயல் உடையது கையெழுத்தாகிவிடுமா? ஒரே எழுத்துருவில் ‘அம்மா’ என்று பத்து முறை தட்டச்சு செய்தால் பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். கையால் பத்து முறை எழுதினால் ஒன்றுபோல் மற்றொன்று இராது. எழுதுபவரின் விரைவும் சோர்வும் மகிழ்ச்சியும் எழுத்தில் பதியும்.

உங்கள் வீட்டிலுள்ள பழைய கடிதங்களில் வேறொன்றையும் காணலாம். தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. பெரியார் தம் ‘குடிஅரசு’ இதழில் 1935ஆம் ஆண்டிலேயே கையாண்ட வடிவங்களைத் தழுவியது அது. அதற்கு முன்னர் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானையின் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்புடன் எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் அவற்றின் ஒகர ஓகார வடிவங்களுக்கும் தனி உருவங்கள் இருந்தன. அக்காலத்தில் பள்ளியில் பயின்ற பெரியோர் பலர் இன்றும் அவ்வாறே எழுதுகின்றனர். அவ்வடிவங்களை அறியாத பிள்ளைகள் பாட்டியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டும் படிக்க இயலாமல் விழிக்க நேர்கிறது. பாட்டியின் எழுத்து தவறானதன்று. அவர் கற்ற காலத்தின் எழுத்து அது. அதனைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடிதத்தின் செய்தியை மற்றொருவர் சொல்லக் கேட்க வேண்டியதில்லை, நீங்களே படிக்கலாம்.

கையெழுத்துச் சாயல் எழுத்துரு இதற்கு நல்லதொரு படிக்கட்டு. நூலின் நேர்த்தியான எழுத்தை மட்டும் கண்டு பழகிய கண், சாய்ந்த எழுத்தையும் திறந்த சுழியையும் அதில் கண்டு பழகும். பிறகு உண்மையான கையெழுத்தைப் படிப்பது எளிதாகும். ஆயினும் படிக்கட்டிலேயே நின்றுவிடலாகாது. நாள்தோறும் ஐந்து வரியேனும் கையால் தமிழ் எழுதுங்கள். எவரும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள இயலாத எழுத்து உங்கள் கையெழுத்து.

சொல்லும் பொருளும்

எழுத்தாணி – ஓலையில் எழுத உதவும் கூரிய இரும்புக் கருவி
உய்த்துணர்தல் – இடம் நோக்கி அறிந்துகொள்ளுதல்
சாயல் – ஒத்த தோற்றம்
செறு – வயல்
தடிமன் – கோட்டின் பருமன்

இலக்கணக் குறிப்பு

எழுதுகோல் – வினைத்தொகை
பனையோலை – ஆறாம் வேற்றுமைத்தொகை
மெல்லிய கோடு – குறிப்புப் பெயரெச்சம்
அறியாத பிள்ளைகள் – எதிர்மறைப் பெயரெச்சம்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. இயல்பான தடிமனைக் குறிக்கும் எண்
(அ) 100 (ஆ) 300 (இ) 400 (ஈ) 900

2. எ–ஏ வடிவ வேறுபாட்டை அமைத்தவர்
(அ) சீகன்பால்கு (ஆ) வீரமாமுனிவர் (இ) பெரியார் (ஈ) தாரிக் அசீஸ்

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்ட ஆண்டு ______.
2. இந்தி எழுத்துகளுக்கு உள்ளதும் தமிழெழுத்துகளுக்கு இல்லாததும் ______.

இ. பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைத்து எழுதுக.

1. மனம் – மணம்
2. எடு – ஏடு
3. கொடு – கோடு

ஈ. குறுவினா

1. ஓலையில் புள்ளியிடாமல் எழுதியது ஏன்?
2. தலைப்புக்குரிய எழுத்துரு என்பது யாது?

உ. சிறுவினா

1. தமிழ் எழுத்துருவில் கையெழுத்துச் சாயலைக் கொணரும் வழிகளை எழுதுக.
2. அழைப்பிதழில் நாள், நேரம், இடம் ஆகியவற்றைத் தெளிவெழுத்தில் இடுவது ஏன்?

ஊ. சிந்தனை வினா

பள்ளி மருத்துவ அறையின் அறிவிப்பை அழகான மெல்லிய எழுத்துருவில் அச்சிட உங்கள் நண்பர் விரும்புகிறார். அவர் மனம் நோகாதவாறு நீங்கள் என்ன கூறுவீர்கள்?

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையால் எழுதிய கடிதம், சமையற்குறிப்பு, மளிகைப் பட்டியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பெற்றுப் படியுங்கள். உங்கள் எழுத்திலிருந்து வேறுபடும் மூன்று எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, அவ்வாறு எழுத எங்கே கற்றார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

2. பள்ளியில் நிகழும் பொங்கல் விழாவுக்கு ஓர் அழைப்பிதழ் உருவாக்குங்கள். தலைப்பைக் கையெழுத்துச் சாயலிலும் செய்தியைத் தெளிவெழுத்திலும் அமையுங்கள். அழைப்பவர் பெயரை மட்டும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.